அக்காவின் கலியாணம் ஆவணியிலா, தையிலா? யூகே மாஸ்டர்ஸ் கலண்டரோடு எப்படிப் பொருத்துவது?

தாவடித் தங்கச்சி:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், அண்ணாமார் அக்காமார் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தின் வடக்குப் பக்கம் ஒரு கம்பஸில் ஒரு வருட மாஸ்டர்ஸுக்கு எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. 2026 செப்டெம்பர் 21 திங்கட்கிழமை அறிமுகக் கிழமை, 28ஆம் திகதி விரிவுரை தொடக்கம் என்று கடிதத்தில் போட்டிருக்கிறார்கள். முற்பணமும் கட்டியாயிற்று. இதே நேரத்தில்தான் பெரியக்காவுக்குக் கலியாணம் சரிவந்திருக்கிறது. மாப்பிள்ளை ரொறன்ரோவில் வேலை. அவருக்கு டிசெம்பர் கடைசியில் லீவு எடுக்கச் சுகம், ஆனால் அது மார்கழி, எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தாலே அம்மம்மா எழும்பிப் போய்விடுவார். சாத்திரியார் இரண்டு நாள் குறித்துத் தந்திருக்கிறார். ஒன்று செப்டெம்பர் 13 ஞாயிறு, ஆவணி முடிய முன்னம், நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு. மற்றது 2027 ஜனவரி 17 ஞாயிறு, பொங்கல் கழிய.

அம்மா சொல்கிறா, நீ பெட்டி அடுக்குகிற அந்தரத்தில் ஒரு கலியாணத்தையும் இழுத்துப் போடக்கூடாது, தையே நல்லது என்று. அப்பாவும் அந்தப் பக்கம்தான், வெளிநாட்டுக் கம்பஸில் கிறிஸ்மஸுக்கு ஒரு மாதம் லீவு விடுவார்கள்தானே, வந்து ஆறுதலாக நின்றுவிட்டுப் போ என்கிறார். அக்காவோ நான் பக்கத்தில் இல்லாமல் கழுத்து நீட்டமாட்டேன் என்று நிற்கிறாள்.

இன்னொன்று. லண்டனில் இருக்கிற மச்சான் ஒருவர் சொன்னார், யூன் முதல் செப்டெம்பர் வரை கோடை லீவு, அந்த மூன்று மாதமும் முழுநேரம் வேலை செய்து கடனில் பாதியை அடைத்துவிடலாம் என்று. அதை நம்பித்தான் அப்பா வங்கியில் கையெழுத்து வைத்தார், அம்மாவின் இரண்டு சோடிக் காப்பும் அடைவில் இருக்கிறது. இதற்குள் 2027 நல்லூர்த் தேருக்கும் நான் வந்து நிற்கவேணும் என்று அப்பா நேர்த்தி வேறு வைத்துவிட்டார்.

எந்தத் திகதிக்கு நான் வாதாட வேணும்? ஜனவரியில் வந்து போகிறது நடக்கிற காரியமா? கோடை வேலை உண்மையா?


லெஸ்டர் வாசி:

தங்கச்சி, கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். காசுக் கணக்கு பிழைத்தால் மற்றதெல்லாம் தானாகப் பிழைக்கும்.

மச்சான் சொன்னது டிகிரி படிக்கிற பிள்ளைகளுக்குச் சரி. அவர்களுக்கு யூன் தொடக்கம் உண்மையாகவே லீவு. மாஸ்டர்ஸில் அப்படி இல்லை. மே மாதத்தோடு வகுப்பு முடியும், கம்பஸ் வெறிச்சோடிக் கிடக்கும், கன்ரீனும் பாதி நாள் பூட்டு, ஆனாலும் அது ஆய்வறிக்கை எழுதுகிற காலம், விசா விதிப்படி அதுவும் தவணைதான். அப்படியென்றால் அந்த மூன்று மாதமும் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான், அதற்கு மேல் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. கிழமை என்றால் திங்கள் தொடங்கி ஞாயிறு வரை. இந்தக் கிழமை 12, அடுத்த கிழமை 28, கூட்டிப் பிரித்தால் 20 வருகிறதே என்று கணக்குக் காட்ட முடியாது, அந்த 28 மீறல்தான். முழுநேரம் செய்யலாம் என்பது கிறிஸ்மஸ், ஈஸ்டர் லீவிலும், படிப்பு முடிகிற திகதிக்குப் பிறகும்தான். அந்த லீவுகளும் உங்களுடைய பாடநெறிக்கு எந்தத் திகதியில் தொடங்கி எந்தத் திகதியில் முடிகிறது என்று கம்பஸிடமே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வேலை தருகிறவர்களும் அந்தக் கடிதத்தைக் கேட்பார்கள். சாப்பாடு டெலிவரி செய்து சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் போடவேண்டாம், அது சுயதொழில், மாணவர் விசாவில் சுயதொழிலுக்கே இடமில்லை.

ஆகவே அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். வங்கிக் கடனின் தவணைப் பணத்தை 20 மணித்தியாலச் சம்பளத்தில், வாடகையும் சாப்பாடும் போக மிஞ்சுகிறதில் போட்டுப் பாருங்கள். மிஞ்சாது. கடன் அடைப்பது படிப்பு முடிந்த பிறகு வருகிற வேலையில்தான்.

இனி ஜனவரி. இதில் நான் சூடுபட்ட ஆள், அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். 2022 செப்டெம்பரில் வந்தேன். என்னுடைய கம்பஸின் தளத்தில் தவணைத் திகதிகள் என்று ஒரு பக்கம் இருந்தது, அதில் ஜனவரி 16 வரை லீவு மாதிரிக் கிடந்தது, நானும் பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பில் ஒக்டோபரிலேயே போக வர ரிக்கெற் போட்டுவிட்டேன், திரும்புகிற திகதி ஜனவரி 13. பிறகு நவம்பர் நடுப்பகுதியில் சோதனை அட்டவணை வந்தது. முதல் பேப்பர் ஜனவரி 9 காலை ஒன்பதரைக்கு! நான் பார்த்தது விரிவுரை நடக்கிற திகதிகளை மட்டும், சோதனைக் காலம் அதற்குக் கீழே வேறு ஒரு வரியில் சின்ன எழுத்தில் கிடந்திருக்கிறது. திகதி மாற்றக் கேட்ட காசுக்கு இன்னொரு ஒருவழி ரிக்கெற்றே எடுத்திருக்கலாம். சோதனையைத் தவறவிட்டால் ஓகஸ்டில் மறுசோதனை, அதில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் 50க்கு மேல் புள்ளி ஏறாது. வேறு வழியில்லாமல் காசைக் கட்டி, பொங்கலுக்கு ஒரு கிழமை இருக்க, அம்மா தந்த பயத்தம் பணியாரத்தோடு திரும்பி வந்து குளிருக்குள் இருந்து படித்தேன்.

உங்கள் ஜனவரி 17 அந்தச் சோதனைக் காலத்தின் நடு மையம். ஆனால் எல்லா மாஸ்டர்ஸிலும் ஜனவரியில் மண்டபத்தில் இருந்து எழுதுகிற சோதனை இருக்காது. நீங்கள் எடுக்கப்போகிற ஒவ்வொரு பாடத்தின் பக்கத்தையும் திறந்து, மதிப்பீடு எப்படி என்று பாருங்கள். எல்லாமே அசைன்மென்ட் என்றால் தாவடியில் இருந்தே ஏற்றலாம். இங்கிலாந்தில் மதியம் 12 மணி கடைசி நேரம் என்றால் குளிர்காலத்தில் ஊரில் பின்னேரம் ஐந்தரை, அதையும் நினைவில் வையுங்கள், ஒக்டோபர் கடைசி ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளுவார்கள், அதற்கு முன்னம் வித்தியாசம் நாலரை மணித்தியாலம். ஒரு பாடத்திலாவது எழுத்துச் சோதனை இருக்கிறது என்றால் தையை மறந்துவிடுங்கள். அட்டவணை நவம்பர் வரை வராது, மண்டபத்துக்கும் மேளகாரருக்கும் நவம்பரில் போய் நாள் கேட்க முடியாது. அக்காவின் கலியாணம் என்று விண்ணப்பித்தால் சோதனையைத் தள்ளி வைக்கமாட்டார்கள். செத்தவீடு, ஆஸ்பத்திரி என்றால் பார்ப்பார்கள், கலியாணம் அந்தப் பட்டியலில் இல்லை.

என் வாக்கு செப்டெம்பர் 13க்கு.


மெல்பேர்ண் மருமகள்:

இதை வாசிக்கத்தான் எனக்கு அவுஸ்திரேலியாவின் அருமை விளங்குகிறது 😀 இங்கே வருடம் பெப்ரவரி கடைசியில் தொடங்கும், யூனில் ஒரு சோதனை, நவம்பரில் ஒரு சோதனை, பிறகு டிசெம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை பெரிய லீவு. மார்கழித் திருவெம்பாவையும் பொங்கலும் தைப்பூசமும் அதற்குள் அப்படியே அடங்கும். என் தம்பியின் கலியாணம் தையில்தான் நடந்தது, ஏழு கிழமை ஊரில் நின்றேன். வேலையும் அப்படி, படிப்பு நடக்கிற காலத்தில் இரண்டு கிழமைக்கு 48 மணித்தியாலம், லீவில் கட்டுப்பாடு இல்லை. ஆனால் நல்லூர் மட்டும் எட்டாக்கனி. ஓகஸ்ட் என்றால் இரண்டாம் செமஸ்டரின் நடு, கொடியேற்றத்தைப் போனில் பார்த்து அழுத வருடங்கள் உண்டு.

உங்களுக்கு இடம் கிடைத்து முற்பணமும் கட்டிவிட்டீர்கள், இனி இதைச் சொல்லிப் பிரயோசனம் இல்லைதான். நாடு தெரிவு செய்யாமல் இருக்கிற பிள்ளைகள் வாசித்தால் கம்பஸின் தர வரிசையோடு இதையும் ஒருக்கால் யோசியுங்கள். வீட்டில் வயதுபோன ஆட்கள் இருந்தால் எந்த மாதத்தில் ஊருக்குப் போகலாம் என்பது சின்ன விசயம் இல்லை.


திருநெல்வேலிச் சந்தி:

நான் போன வருடம் இந்த விசா அலுவல் முழுக்க ஏஜென்சி இல்லாமல் நானே செய்தேன். அண்ணா சொன்ன கலண்டர் சரி, ஆனால் அதற்கு முன்னம் இன்னொரு கலண்டர் இருக்கிறது, கலியாணத்தோடு நேராக மோதப் போகிறது அதுதான். வங்கிக் கணக்கு.

லண்டனுக்கு வெளியே படிப்பதென்றால் மாதம் 1,171 பவுண் வீதம் ஒன்பது மாதத்துக்கு 10,539 பவுண் காட்ட வேணும், அதோடு கட்டாமல் மிச்சமிருக்கிற முதல் வருடக் கட்டணமும். அந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் கிடக்க வேணும். 28 நாளில் ஒரு நாள், ஒரு மணித்தியாலம் குறைந்தாலும் விசா மறுக்கலாம். ஸ்டேட்மென்டின் கடைசி நாளும் நீங்கள் விண்ணப்பிக்கிற நாளும் 31 நாளுக்குள் இருக்க வேணும். அப்பா அம்மாவின் கணக்கைக் காட்டலாம், பிறப்புச் சான்றிதழும் அவர்களின் சம்மதக் கடிதமும் வைக்க வேணும்.

இப்போது நீங்களே சொல்லுங்கள், கலியாணக் காசு எந்தக் கணக்கில் கிடக்கிறது? எங்கள் வீடுகளில் எல்லாம் ஒரே புத்தகம்தான். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளையின் அப்பா இருபத்திரண்டாம் நாள் மண்டபத்துக்கு முற்பணம் எடுத்துவிட்டார், பிள்ளைக்குச் சொல்லவும் இல்லை, அது முழுக்கத் திரும்பவும் முதல் நாளில் இருந்து. நகைக்கடை, மண்டபம், சமையல், படக்காரர் எல்லாருக்கும் கொடுக்கிற முற்பணத்தை அந்த 28 நாளுக்கு முன்னமே கொடுத்து முடியுங்கள், இல்லாவிட்டால் வேறு கணக்குக்கு மாற்றி வையுங்கள். ரூபாய் ஏறி இறங்குகிற சாமான், அதனால் பத்து வீதமாவது கூட வையுங்கள்.

செப்டெம்பர் 13 என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். ஓகஸ்ட் தொடங்கும்போது விசா கையில் இருந்தால்தான் கலியாண வீட்டில் நிம்மதியாக நிற்கலாம். வெளியில் இருந்து விண்ணப்பித்தால் முடிவு பொதுவாக மூன்று கிழமையில் வரும் என்றாலும் ஓகஸ்டில் உலகம் முழுக்க மாணவர் கூட்டம். ஆகவே யூலை முதல் கிழமையே விண்ணப்பம் போகவேணும். அப்படியென்றால் 28 நாள் யூன் தொடக்கத்தில் ஆரம்பிக்க வேணும். படிப்புத் தொடங்க ஆறு மாதம் இருக்கும்போதே விண்ணப்பிக்க விதி இடம் தருகிறது, ஆனால் கம்பஸ் காஸ் இலக்கம் (இடம் உறுதி என்று விசாவுக்காகக் கம்பஸ் தருகிற இலக்கம்) தந்தால்தான் விண்ணப்பிக்கலாம், அதை அவர்களிடம் நச்சரித்துக் கெதியாக வாங்குங்கள். காசநோய்ச் சோதனை இலங்கையருக்குக் கட்டாயம், கொழும்பில் ஐஓஎம் (சர்வதேசக் குடிபெயர்வு அமைப்பு) நிலையத்தில் எடுக்கலாம், சான்றிதழ் ஆறு மாதம் செல்லும், அதனால் மிக முந்தியும் எடுக்காதீர்கள். நான் காசநோய்ச் சோதனைக்கு ஒருமுறை, கைரேகைக்கு ஒருமுறை என்று இரண்டு தரம் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் வந்தேன், நாளைச் சேர்த்துப் போட்டிருந்தால் ஒரு பயணத்தில் முடித்திருக்கலாம். சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 776 பவுண், அது விண்ணப்பிக்கும்போதே போகிற காசு, இந்த 10,539க்குள் சேராது. இதையும் பலர் மறந்துபோகிறார்கள்.


ஓய்வுபெற்ற வாத்தியார்:

எல்லாம் வாசித்தேன் பிள்ளை. நான் கொஞ்சம் மாறிக் கதைக்கப் போகிறேன், கோபிக்கக்கூடாது.

மூத்தவளின் கலியாண நாளை இளையவளின் கம்பஸ் கலண்டர் தீர்மானிப்பது என்ன நியாயம்? செப்டெம்பரில் மாப்பிள்ளைக்கு லீவு வருமா என்று இங்கே ஒருவரும் கேட்கவில்லை. அவர் வந்து, பொன்னுருக்கி, தாலி கட்டி, நாலாஞ்சடங்கு முடித்துப் போக மூன்று கிழமையாவது வேணும். அவர் பக்கத்து ஆட்களும் ரொறன்ரோவில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற ஆட்கள், அங்கே செப்டெம்பர் தொடக்கத்தில்தான் பள்ளிக்கூடம் திறக்கிறது, திறந்த கையோடு ஆர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்? முதலில் அந்த வீட்டோடு கதையுங்கள். அவர்களுக்கும் சரியென்றால் செப்டெம்பரை வையுங்கள். இல்லையென்றால் தையில் நடக்கட்டும், நீ வரமுடியாவிட்டால் வரமுடியாதுதான். என் மூத்த மகளின் கலியாணத்துக்கு அவளின் தம்பியால் வரமுடியவில்லை, அன்று பாதை இல்லை, போனும் இல்லை, மூன்று மாதம் கழித்துப் படம் பார்த்தான். இப்போது என்றால் தாலி கட்டுகிற நேரத்தில் வீடியோவில் நிற்கலாம்.

இன்னொன்று, அந்த சாத்திரியார் வாக்கிய பஞ்சாங்கம் பார்த்தவரா, திருக்கணித பஞ்சாங்கம் பார்த்தவரா என்று கேள். மாப்பிள்ளை வீட்டார் மற்றதைப் பார்க்கிற ஆட்களாக இருந்தால் இரண்டு நாளும் மாறும், இவ்வளவு கணக்கும் வீண்.


கொக்குவில் பெடியன்:

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். தம்பி இந்த முறை ஏஎல் (உயர்தரச் சோதனை) எடுக்கிறான், நேரே வெளிநாட்டில் டிகிரிக்குப் போக ஆசை. அடுத்த செப்டெம்பரைப் பிடிக்கலாமா?


ஓய்வுபெற்ற வாத்தியார்:

பிடிக்கலாம், ஆனால் முடிவு எப்போது வருகிறது என்பதில்தான் இருக்கிறது தம்பி. முந்தி ஓகஸ்டில் சோதனை, டிசெம்பர் கடைசியில் முடிவு, அடுத்த செப்டெம்பருக்கு ஆறுதலாக விண்ணப்பிக்கலாம். கொரோனாவோடு அந்த ஒழுங்கு குலைந்தது. 2024ஆம் ஆண்டுச் சோதனை நவம்பர் 25இல் தொடங்கி, வெள்ளத்தால் இடையில் சில நாள் நின்று, முடிவு 2025 ஏப்ரல் கடைசியில்தான் வந்தது. அப்படி ஏப்ரலில் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு மே மாதம் ஓடத் தொடங்கினால் மூச்சு வாங்கும். முடிவு வர முன்னமே நிபந்தனையோடு இடம் தருகிற கம்பஸ்களுக்கு விண்ணப்பிக்கச் சொல், ஆங்கிலச் சோதனையை முடிவுக்காகக் காத்திருக்கிற மாதங்களில் எடுக்கச் சொல், ஐஎல்ற்ஸ் இரண்டு வருடம் செல்லும். தனித்திரி தொடங்கிக் கேள், நிறையப் பேர் பதில் தருவார்கள்.


லெஸ்டர் வாசி:

வாத்தியார் ஐயா சொன்னதில் மாப்பிள்ளை வீட்டைக் கேட்க வேணும் என்பது முழுக்கச் சரி, எனக்கு அது தோன்றவே இல்லை. வீடியோவில் நிற்பது பற்றி மட்டும் எனக்குக் கருத்து வேறு. நின்ற ஆள் என்ற முறையில் சொல்கிறேன், நாதஸ்வரம் கெட்டிமேளம் பிடிக்கிற நேரம் பார்த்து நெற்வேர்க் விழுந்தது.

2027 நல்லூர்த் தேர் பற்றி நான் முதல் பதிலில் எழுத மறந்துவிட்டேன். 2027இல் ஆடி அமாவாசை ஓகஸ்ட் 2, அதை வைத்துத்தான் திருவிழா வரும், அப்படியென்றால் தேர் ஓகஸ்ட் கடைசியில். திருவிழா ஒவ்வொரு வருடமும் நகரும், 2024இல் தேர் செப்டெம்பர் 1, 2025இல் ஓகஸ்ட் 21. ஓகஸ்ட் கடைசி என்பது ஆய்வறிக்கையைக் கட்டி ஒப்படைக்கிற நாட்களுக்குள் நேராக விழும். மேற்பார்வையாளர் சம்மதித்து, கம்பஸும் எழுத்தில் அனுமதி தந்தால் ஊரில் இருந்து எழுதலாம் என்று சில பாடநெறிகளில் விடுவார்கள், ஆனால் கலியாண வீடு மாதிரிச் சனம் நிறைந்த வீட்டில் இருந்து பதினைந்தாயிரம் சொல் எழுதுவது எப்படி என்று உங்களுக்கே தெரியும். அப்பாவிடம் நேர்த்தியை 2028க்கு மாற்றச் சொல்லுங்கள், கந்தன் கோபிக்கமாட்டான்.

ஒப்படைத்த பிறகு வரலாம்தானே என்றால், அங்கேதான் இன்னொரு பொறி. படித்து முடித்தவர்களுக்கான கிராஜுவேற் விசாவுக்கு இங்கிலாந்துக்குள் நின்றுதான் விண்ணப்பிக்க வேணும், அதுவும் நீங்கள் சித்தியடைந்தீர்கள் என்று கம்பஸ் உள்நாட்டமைச்சுக்கு அறிவித்த பிறகு. செப்டெம்பரில் ஒப்படைத்தால் முடிவு நவம்பர் மட்டில்தான் வரும். விண்ணப்பித்துவிட்டு முடிவு வர முன்னம் நாட்டை விட்டு வெளியே போனால் விண்ணப்பத்தை மீளப் பெற்றதாக எடுத்துக்கொள்வார்கள். ஆகவே ஒப்படைத்ததற்கும் முடிவு வருவதற்கும் இடையில் ஊருக்கு வந்து திரும்பினால் சரி, அதற்குப் பிறகு விசா கைக்கு வரும்வரை அசையக்கூடாது.

இதற்காகவே காஸ் வந்ததும் அதில் போட்டிருக்கிற தொடக்கத் திகதியையும் முடிவுத் திகதியையும் விரல்விட்டு எண்ணுங்கள். பாடநெறி 12 மாதமோ அதற்கு மேலோ என்றால் படிப்பு முடிந்து இன்னும் நாலு மாதம் விசாவில் தருவார்கள். 12 மாதத்துக்கு ஒரு நாள் குறைந்தாலும் இரண்டே மாதம்தான். செப்டெம்பர் 21இல் தொடங்கி அடுத்த செப்டெம்பர் 10இல் முடிகிறது என்று போட்டிருந்தால் நவம்பர் 10ஓடு விசா சரி, பரீட்சைச் சபை கூடும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். 2027 ஜனவரி 1 தொடக்கம் விண்ணப்பிக்கிறவர்களுக்கு அந்த கிராஜுவேற் விசாவும் இரண்டு வருடம் இல்லை, 18 மாதம், கடன் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.


தாவடித் தங்கச்சி:

எல்லாருக்கும் நன்றி. மூன்று நாளாக வீட்டில் இதே கதைதான்.

கோடை வேலைக் கதையை அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் முற்றத்தில் நின்றார், பிறகு மச்சானுக்குப் போன் எடுத்தார், மச்சான் தான் டிகிரி படித்த காலத்தை வைத்துச் சொன்னதாக ஒத்துக்கொண்டார். கடனைக் குறைத்து எடுக்கலாமா என்று வங்கியில் கேட்கப் போகிறோம், அக்காவின் கலியாணத்தைக் கோவிலில் சின்னதாகச் செய்யலாமா என்றும் ஒரு பேச்சு ஓடுகிறது, அது அக்காவே சொன்னது.

பாடங்களைத் தேடிப் பார்த்தேன். முதலாம் தவணையில் மூன்று பாடம், இரண்டு அசைன்மென்ட், ஒன்று எழுத்துச் சோதனை 60 வீதம். அந்த ஒன்றால் தை போயிற்று.

வாத்தியார் ஐயா சொன்னபடி அப்பா மாப்பிள்ளை வீட்டாரோடு கதைத்தார். அவர்களும் வாக்கியம் பார்க்கிற ஆட்கள்தான், நாள் மாறவில்லை. மாப்பிள்ளைக்கு செப்டெம்பரில் இரண்டு கிழமைதான் லீவாம், அவரின் தமக்கையின் பிள்ளைகள் வரமாட்டார்களாம், அதற்குக் கொஞ்சம் முகம் சுழித்தார்கள், ஆனால் செப்டெம்பர் 13க்குச் சம்மதித்துவிட்டார்கள். நாலாஞ்சடங்கை மூன்றாம் நாளே வைக்கலாமா என்று அம்மம்மாவிடம் கேட்க ஒருவருக்கும் துணிவில்லை.

மண்டபத்துக்கு முற்பணம் நாளைக்கே கொடுக்கிறோம். யூன் 1இல் இருந்து அந்த வங்கிப் புத்தகத்தை நான் என் அலுமாரிக்குள் பூட்டி வைக்கப் போகிறேன். பயணம் செப்டெம்பர் 18 இரவு கட்டுநாயக்காவில் இருந்து. 19 சனி, 20 ஞாயிறு அறையில் சாமான் அடுக்கினால் திங்கள் அறிமுகக் கிழமைக்குப் போகலாம்தானே? அறை ஒப்பந்தம் 51 கிழமைக்கு, செப்டெம்பர் 12இல் தொடங்குகிறது, ஒரு கிழமை வாடகை சும்மா போகிறது என்பதுதான் வயிற்றெரிச்சல்.


திருநெல்வேலிச் சந்தி:

போகலாம். ஒரு கிழமை வாடகையைக் கலியாணச் செலவில் எழுதிவிடுங்கள். ரிக்கெற் எடுக்கும்போது திகதி மாற்றக்கூடியதாக எடுங்கள், விசா கையில் வரும்வரை மாற்ற முடியாத மலிவு ரிக்கெற்றைத் தொடவேண்டாம். 17ஆம் திகதி இரவே கொழும்புக்கு வெளிக்கிடுங்கள், ஏ9 வீதியில் ஏதாவது நடந்தால் 18 இரவு பிளேன் உங்களுக்காக நிற்காது.


லெஸ்டர் வாசி:

கையில் கொண்டு போகிற பெட்டிக்குள் ஒரு தடித்த ஜக்கெற்றும், கம்பஸ் கடிதத்தின் பிரதியும், வங்கி ஸ்டேட்மென்ட் பிரதியும். மருதாணி காயாத கையோடு வந்து இறங்குவீர்கள், கேட்கிறவர்களுக்குக் காட்டக் கலியாணப் படமும் போனில் வைத்திருங்கள். வடக்குப் பக்கத்தில் செப்டெம்பர் கடைசியிலேயே பின்னேரம் குளிர் பிடிக்கும். பணியாரம் கொண்டு வந்தால் லெஸ்டரில் ஒரு ஆள் இருக்கிறேன்.